இடப்பக்கத்துப் பூக்கள்

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி மொட்டைமாடியில் மூன்று பெட்டிகளில் தேனீ வளர்த்து வந்தாள். அவற்றை அவள் "பிள்ளைங்க" என்பாள். மெக்கானிக் "உன் சொந்தக்காரங்க" என்பார். கொட்டு வாங்கிய நாளில் மட்டும் "உன் தம்பியோட ஆளுங்க" என்பார்.

பிள்ளைகளுக்குச் சாப்பாடு இல்லை என்பதுதான் வீட்டின் பெருங்கவலை. சுற்றுவட்டாரத்தில் பூ என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. அந்தக் குடியிருப்பின் செயலாளருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் சிமெண்ட். அவர் நடைபாதைக்குச் சிமெண்ட் போட்டார். நடைபாதையின் ஓரத்துக்குச் சிமெண்ட் போட்டார். பிறகு சிமெண்டில் விரிசல் விட்டுவிட்டதென்று சிமெண்டின்மேல் சிமெண்ட் போட்டார். மிச்சம் இருந்தது கட்டடத்துக்கும் பின்மதிலுக்கும் நடுவில் நீளவாக்கில் கிடந்த ஒரு துண்டு வெறும் மண். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கை அரிக்கும்.

தேனீக்கள் வேறு வழியில்லாமல் தெருமுனை பேக்கரிக்குப் போக ஆரம்பித்தன. பேக்கரிக்காரர் ஒரு நாள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"உங்க ஆளுங்க எங்க கேக்குமேலேயே குடியிருக்காங்கம்மா. வாங்க வர்றவங்க, இது என்ன புதுசா, திராட்சை பறக்குதுன்னு கேக்கறாங்க."

அந்த வாரக் குடியிருப்போர் கூட்டத்தில் மெக்கானிக்கின் மனைவி எழுந்து நின்று, பின்பக்க மண்ணில் பூச்செடி போட அனுமதி கேட்டாள். சிமெண்ட் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"பூவா? அங்க புல்லே மொளைச்சதில்லம்மா. சரி, நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல. மழைக்காலம் முடியறதுக்குள்ள அங்க பூத்தா அந்த இடம் உங்க பூச்சிங்களுக்கு. பூக்கலைன்னா காருங்களுக்கு. அப்புறம் மாடியில இருக்கற பெட்டியும் கீழே எறங்கிடணும். என்ன சொல்றீங்க எல்லாரும்?"

எல்லோரும் கையைத் தூக்கினார்கள். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: "பூ வரலைன்னா பெட்டிங்கள என் தம்பி ஊருக்குத்தான் அனுப்பணும்."

"அனுப்பிட்டாப் போச்சு" என்றார் மெக்கானிக், தைரியமாக.

"அவனுக்குத் தேனீயப் பத்தி என்ன தெரியும்? ஈன்னு நெனச்சு அடிச்சிடுவான். நானும் கூடப் போனாத்தான் சரிவரும்."

"எத்தனை நாளைக்கு?"

"அதுங்க இருக்கற வரைக்கும்."

மெக்கானிக்குக்குக் கயிறு அறுந்த லிஃப்டில் நிற்பதுபோல் இருந்தது. மறுநாள் காலையிலேயே விதைக்கடையில் போய் நின்றார்.

"காட்டுப்பூ விதைக் கலவை வேணும்."

விதைக்கடைக்காரர் அக்கம்பக்கம் பார்த்தார். "தக்காளி தரேன். முள்ளங்கி தரேன். நீங்க கேக்கறதுக்கு மண்மலர் வாரியத்துச் சீட்டு வேணும். எந்தப் பகுதிக்கு எந்தக் கலவைன்னு அவங்கதான் சொல்லணும்."

"காட்டுல தானா மொளைக்கறதுக்கா சீட்டு?"

"தானா மொளைச்சா வேணாம் சார். நாம மொளைக்க வெச்சாத்தான் குத்தம்."

மண்மலர் வாரியம் உயரமான பழைய கட்டடம் ஒன்றில் இருந்தது. வாசலில் "நம் மண், நம் பூ, நம் அனுமதி" என்று எழுதியிருந்தது. வரவேற்பு மேசையில் பெரிய ஜாடி நிறையப் பூக்கள். மெக்கானிக் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். பிளாஸ்டிக்.

"நிஜப் பூ வெச்சா அதுக்கு யார் சார் சான்று குடுப்பா?" என்றாள் வரவேற்பாளர். "இதுன்னா பிரச்சினையே இல்ல. எங்கேயும் மொளைக்காது."

லிஃப்டில் ஏறியதும் அவர் காது தானாக நிமிர்ந்தது. பெட்டி முனகிக்கொண்டே ஏறியது. பக்கத்து இரும்புச் சட்டங்கள் எண்ணெயைக் கண்டே பல காலம் ஆகியிருக்கும்.

"இந்தச் சத்தம் நல்லதில்லையே" என்றார் கூட வந்த ஊழியரிடம்.

"அது பழைய சத்தம் சார்" என்றார் ஊழியர். "புதுச் சத்தம் வந்தாத்தான் புகார் எடுப்பாங்க."

முதலில் எல்லை அதிகாரியைப் பார்க்க வேண்டுமாம். அவர் அறையில் சுவர் முழுக்க ஒரு வரைபடம்.

"உங்க மண்டலம் எது?"

"இங்கதான் சார். பேக்கரி இருக்கே, அதுக்குப் பின்னாடி தெரு."

"இங்கங்கறது மண்டலம் இல்ல" என்று சொல்லிவிட்டு அதிகாரி பூதக்கண்ணாடியோடு வரைபடத்தில் ஊர்ந்தார். நெடுநேரம் கழித்து அவர் முகத்தில் வைத்தியர் கெட்ட செய்தி சொல்லும்போது வரும் கனிவு வந்தது. "உக்காருங்க. வடக்கு மண்டலத்துக்கும் தெற்கு மண்டலத்துக்கும் நடுவுல போற கோடு உங்க மண்ணுக்கு நடுவுலதான் போகுது."

"அங்க கோடு ஒண்ணும் இல்லையே சார். நான் தினமும் பாக்கறேன்."

"கோடு இங்க இருக்கு" என்று வரைபடத்தைத் தட்டினார். "அங்க இருக்கறது வெறும் மண்ணு. உங்களுக்கு ரெண்டு கலவை வேணும். வடக்குப் பூ தெற்கே சாயக்கூடாது. எதுக்குப் பூ போடறீங்க?"

"வீட்ல தேனீ வளர்க்கறாங்க சார்."

அதிகாரி பேனாவை மூடினார். "தேனீ எந்த மண்டலம்?"

"மொட்டைமாடி சார்."

"மாடிக்கு மண்டலம் கிடையாது. அப்போ நாடோடி. காலையில வடக்குப் பூவுல உக்காந்துட்டு, கால்ல ஒட்டின பொடியோட தெற்குப் பூவுக்குப் போகாதுங்கறதுக்கு என்ன உத்தரவாதம்?"

"அதுதானே சார் அதோட வேலை?"

"இதை எழுத்துல குடுத்துடாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஒரு வழி இருக்கு. எல்லையில ஒரு கயிறு கட்டுங்க. பக்கத்துல ஒரு பலகை வைங்க. 'தேனீக்கள் எல்லை தாண்டுமுன் கால்களைத் துடைத்துக்கொள்ளவும்'னு."

"படிக்குங்களா சார்?"

"வைக்கறது நம்ம கடமை. படிக்கறது அதுங்க கடமை."

அடுத்தது பூர்விகக் குழு. அங்கே ஒரு நீண்ட மேசை. குழுவினர் எல்லோரும் மேசையின் ஒரே பக்கத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மெக்கானிக் அங்கே உட்காரப் போனபோது குழுவின் பேராசிரியர் "ஐயோ!" என்று அலறினார்.

"அது வலப்பக்கம்! வாங்க, இப்படி வாங்க, கொஞ்சம் நகர்ந்துக்கறோம்."

மெக்கானிக் ஓரத்தில் ஒண்டிக்கொண்டார். பேராசிரியர் விளக்கினார்.

"எது பூர்விகப் பூ, எது வந்தேறிப் பூன்னு எப்படிக் கண்டுபிடிக்கறோம்னு உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும். எங்க நிறுவனர் ஒரு தடவை இந்த மண்டலம் பூரா கார்ல போனார். ஜன்னல் வழியா கண்ணுல பட்ட பூவையெல்லாம் சொல்லச் சொல்லக் கூட இருந்தவர் எழுதிக்கிட்டார். அதுதான் பூர்விகம். மத்ததெல்லாம் பின்னாடி வந்தது."

"ரெண்டு பக்கமும் பாத்தாரா சார்?"

"அவர் இடது ஜன்னலோரம் உக்காந்திருந்தார்."

"வலது பக்கம்?"

"அங்க அவர் மனைவி உக்காந்திருந்தாங்க."

"அவங்க ஒண்ணும் பாக்கலையா?"

"நிறையப் பாத்தாங்களாம். வழியெல்லாம் 'அங்க பாருங்க, இங்க பாருங்க'ன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்களாம். ஆனா அவங்க வாரியத்துல உறுப்பினர் இல்லையே."

மெக்கானிக் யோசித்தார். யந்திரங்களோடு பழகியவர்; ஏறுவது இறங்கும் என்று அவருக்குத் தெரியும். "திரும்பி வரும்போது அந்தப் பக்கம் இவர் ஜன்னல் பக்கமா வந்திருக்குமே சார்?"

குழு முழுவதும் தலையைக் குனிந்துகொண்டது. கடைசியில் பேராசிரியர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "திரும்பி வரும்போது தூங்கிட்டார். அந்தப் பூக்கள் இன்னும் விசாரணையில இருக்கு."

அன்றைய விசாரணை அவர் கண்ணெதிரிலேயே நடந்தது. வாரிய ஊழியர்கள் மண்டலமெங்கும் சேகரித்த விதைகள் சிறு சிறு பைகளில் வந்தன. ஒவ்வொன்றிலும் காய்ந்த பூ ஒன்று மாதிரிக்காக ஒட்டியிருந்தது. ஒரு நீலப் பூவைப் பேராசிரியர் உயர்த்திப் பிடித்தார்.

"இது எப்ப வந்தது?"

"எப்பவும் இருக்குங்க" என்றார் கொண்டுவந்த ஊழியர்.

"எப்பவும் இருக்குங்கறது ஒரு தேதி இல்ல. பட்டியல்ல இருக்கா?"

"இல்லைங்க."

பேராசிரியர் எழுந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டே பின்ஜன்னலைத் திறந்து, பையை அப்படியே வெளியே கவிழ்த்துவிட்டு, பார்க்காமலே ஜன்னலைச் சாத்தினார். குழு ஒரு முறை எழுந்து நின்று உட்கார்ந்தது. பிறகு ஒரு மஞ்சள் கொத்துப் பூ வெளியே போனது. ஒரு வெள்ளைக் குடைப் பூ வெளியே போனது. இளஞ்சிவப்பில் ஒரு மணிப்பூ, பார்க்கவே பாவமாக இருந்தது, அதுவும் போனது. சாயங்காலத்துக்குள் மெக்கானிக்கின் மண்ணுக்கு ஏற்றவை என்று மிஞ்சியவை மூன்றே பூக்கள். அதில் ஒன்று, வழியில் ஒரு வீட்டு ஜன்னல் திரையில் அச்சிட்டிருந்த பூ என்று பிற்காலத்தில் தெரியவந்ததாம். நிறுவனர் சொன்னதைத் திருத்துவது மரியாதையில்லை என்பதால் அதையும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மற்ற இரண்டின் விதை கையிருப்பில் இருந்தது.

விதைப் பொட்டலத்தை வாரியத் தலைவர் கையால்தான் வாங்க வேண்டும். தலைவர் பருத்த, அன்பான மனிதர். மாலை நேரத்திலும் காலையில் பேசுவதுபோல் பேசுவார்.

"நம்ம விதைகளுக்கும் மத்த இடத்து விதைகளுக்கும் என்ன வித்தியாசம் தெரியுமா? தூய்மை! ஒரு விதைய வெளியிலேருந்து பாத்தா நம்ம பூவோட விதை மாதிரியே இருக்கும். உள்ளே என்ன எண்ணம் வெச்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்? அதனால பொட்டலம் கட்டறதுக்கு முன்னாடி நாங்க நீராவி காட்டறோம். சும்மா பேருக்கு இல்ல, நல்லாவே காட்டறோம். எங்க பொட்டலத்திலேருந்து ஒரு வந்தேறிப் பூ மொளைச்சதுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒரு புகார் கிடையாது."

"நம்ம பூ மொளைச்சதுன்னு சார்?"

"அப்படியும் ஒரு புகார் கிடையாது!" என்றார் தலைவர், மார்பை நிமிர்த்தி.

வீட்டில் மனைவி பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு விதையை எடுத்து முன்பல்லால் கடித்தாள்.

"வெந்திருக்குங்க."

"என்னது?"

"பதமா வெந்திருக்கு. உப்புதான் போடல."

இருந்தாலும் விதைத்தார்கள். நடுவில் கயிறு கட்டினார்கள். பலகையும் வைத்தார்கள். மழை வந்தது, நன்றாகவே வந்தது. மண் நனைந்தது, காய்ந்தது, மறுபடி நனைந்தது. ஒன்றும் முளைக்கவில்லை. சிமெண்ட் குடை பிடித்துக்கொண்டு அளவு நாடாவோடு வந்து, எத்தனை கார் நிற்கும் என்று அளந்து பார்த்தார். மனைவி பரண்மேல் இருந்த பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். துணிப்பெட்டி. மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு அன்று சாப்பிடாமலே வாரியத்துக்கு ஓடினார்.

புகார்ப் பிரிவில் இருந்தவர் அவர் சொன்னதைக் கேட்டுக் குழம்பிப் போனார். "மொளைக்கலையா? சார், அது புகார் இல்ல. பாராட்டு. பாராட்டுப் பிரிவு மாடியில இருக்கு."

"மொளைக்கணும்னுதானே சார் விதைக்கறோம்?"

"அது உங்க தனிப்பட்ட விருப்பம்."

மெக்கானிக் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது கட்டடமே ஒரு முறை 'கிறீச்' என்றது. பிறகு 'டொக்'. பிறகு அமைதி. புதுச் சத்தம். எங்கோ மாடிகளுக்கு நடுவிலிருந்து தலைவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"யாராவது இருக்கீங்களா?"

எல்லோரும் லிஃப்ட் கதவருகே கூடினார்கள். எல்லை அதிகாரி கதவில் வாயை வைத்து, "சார், நீங்க இப்ப எந்த மாடியில இருக்கீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு மாடிக்கு நடுவுலய்யா!"

"நடுவுலன்னா எந்தப் பக்கம்னு எழுதறது சார்?"

"நான் லிஃப்ட் மெக்கானிக்தாங்க" என்றார் மெக்கானிக். "நான் பாக்கறேன்."

எல்லை அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க வெளியாள். பராமரிப்பு நிறுவனத்து ஆள்தான் தொடணும். உங்களுக்கு அனுமதி கொடுக்கணும்னா முதல்ல உங்க மண்டலம்..."

"விடுங்கய்யா அவரை!" என்று உள்ளேயிருந்து தலைவர் அலறினார். "எந்த மண்டலமா இருந்தா என்ன! மனுஷன்தானே!"

வாரியத்தின் சரித்திரத்தில் இப்படி ஒரு வாக்கியம் அந்தக் கட்டடத்துக்குள் ஒலித்ததே இல்லை. எல்லை அதிகாரி சற்றுத் தள்ளாடினார். மெக்கானிக் படியேறி மொட்டைமாடிக்குப் போனார்.

இயந்திர அறை மாடியில் இருந்தது. மின்சாரத்தை நிறுத்தினார். பிரேக்கைத் தளர்த்திக் கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார். பெட்டி ஒரு மாடிக்கு நேராக வந்து நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர், காற்றில் ஏதோ வாசனை வந்ததால், கைப்பிடிச் சுவர் வழியாகக் கட்டடத்தின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

அங்கே தரையே தெரியவில்லை. நீலம் ஒரு பக்கம் அலையடித்தது. அதற்குள் மஞ்சள் கொத்துகள் புகுந்து புறப்பட்டன. வெள்ளைக் குடைகள் விரிந்து நின்றன. இளஞ்சிவப்பு மணிகள் மதிலின்மேல் ஏறி அடுத்த தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. குழுவின் ஜன்னலுக்கு நேர் கீழேதான் கூட்டம் அதிகம். பல வருஷமாக விரட்டப்பட்டதெல்லாம் விழுந்த இடத்திலேயே குடும்பம் பெருக்கியிருந்தது. பழைய பூக்கள் காய்ந்து விதையைத் தாங்கி நிற்க, அவற்றின் காலடியில் புதுசுகள் பூத்திருந்தன. அந்த முற்றத்தின் மேல் ஒரே ரீங்காரம். மெக்கானிக் எவ்வளவு நேரம் அங்கே நின்றாரோ, கீழேயிருந்து குரல் வந்தது.

"மெக்கானிக் சார்! நான் இன்னும் உள்ளேதான் இருக்கேன்!"

அவர் இறங்கி வந்து முக்கோணச் சாவியால் கதவைத் திறந்தார். தலைவர் லிஃப்டின் தரையில் கோப்புகளின்மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்து மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டார்.

"என்ன வேணும்னாலும் கேளுங்க."

"கட்டடத்துக்குப் பின்னாடி இருக்கறது என்ன சார்?"

"பின்னாடியா? அங்க ஒண்ணும் இல்லையே. குழு வேணாம்னு தள்ளின குப்பைதான்."

"அதைக் கொஞ்சம் எடுத்துக்கலாமா?"

தலைவர் எல்லை அதிகாரியைப் பார்த்தார். எல்லை அதிகாரி கவலையோடு சொன்னார்: "விதைன்னா அனுமதி வேணும் சார். குப்பைன்னா வேணாம்."

"குப்பைதானே?"

"குழு எறிஞ்சது. குப்பையேதான்" என்று பேராசிரியர் உறுதியாகச் சொன்னார். அவருக்குத் தன் தீர்ப்பில் சந்தேகம் வந்ததே இல்லை.

மறுநாள் காலையில் மனைவி தலையணை உறைகளோடும் கத்திரிக்கோலோடும் வந்து இறங்கினாள். பின்முற்றத்தைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"இதுக்கெல்லாம் யாரு தண்ணி ஊத்தினா?"

"யாரும் இல்ல."

"உரம்?"

"ஜன்னல் வழியா எப்பவாவது டீத்தூள் சக்கை கொட்டுவாங்களாம்."

"யாரும் பாக்காமலே இந்த ஊரு மண்ணுலயும் மழையிலயும் இப்படி நிக்குதுன்னா, நம்ம ஊருக்கு ஏத்தது வேற எதுங்க?" என்றாள் அவள். காய்ந்த பூத்தலைகளாகப் பார்த்து உறைக்குள் உதிர்த்தாள். மெக்கானிக் நீலத்தையே அள்ளிக்கொண்டிருந்தபோது கையைத் தட்டிவிட்டாள். "கண்ணுக்கு அழகா இருக்கறதையே எடுக்காதீங்க. எல்லாம் ஒரே நாள்ல பூத்து ஒரே நாள்ல கொட்டிட்டா அப்புறம் பிள்ளைங்க பட்டினி. முந்திப் பூக்கறதும் வேணும், பிந்திப் பூக்கறதும் வேணும். குட்டையும் வேணும், நெட்டையும் வேணும். இதென்ன, உங்க அக்கா மாதிரி ஒல்லியா இருக்கே, இதுவும் கொஞ்சம் இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து விதைகளை மணலோடு கலந்தார்கள். தூவினால் ஒரே இடத்தில் விழாமல் பரவலாக விழும். மேலே மண் மூடவில்லை; இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் துண்டு மண் முழுக்க மெல்ல மிதித்து நடந்தார்கள். மாடியிலிருந்து பார்த்தவர்கள் புருஷன் பெண்டாட்டிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

சில நாளில் மண் பச்சை கட்டியது. பிறகு விறுவிறுவென்று வளர்ந்தது. ஆனால் மழையும் விறுவிறுவென்று குறைந்தது. மொட்டு மட்டும் வந்து நின்ற ஒரு காலையில் சிமெண்ட் கலவை இயந்திரத்தோடு வந்துவிட்டார்.

"மழைக்காலம் முடிஞ்சது. பூ இல்ல. வழி விடுங்க."

மனைவி வழியில் நின்றாள். "யாரு சொன்னா முடிஞ்சதுன்னு? அங்க பாருங்க, மேகம் இருக்கு."

"அது வெறும் மேகம்மா. காலியா போகுது."

"உங்களுக்கு எப்படித் தெரியும், உள்ள ஏறிப் பாத்தீங்களா?"

மெக்கானிக் நடுவில் நின்று மேலேயும் கீழேயும் மாறி மாறிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மேகத்திடம் கெஞ்சினார். மேகம் என்ன நினைத்ததோ, நாலு சொட்டு போட்டது. ஒன்று நேராகச் சிமெண்டின் மூக்கில் விழுந்தது.

"தூத்தல் மழையில சேராது" என்றார் சிமெண்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"அப்ப ஏன் தொடைக்கறீங்க?"

வாக்குவாதம் முற்றியதில் வெயில் ஏறியதை யாரும் கவனிக்கவில்லை. மதில் ஓரமாக ஒரு நீலப் பூ சாவகாசமாகத் திறந்துகொண்டிருந்தது. மாடியிலிருந்து ஒரு தேனீ இறங்கி வந்து எல்லோரையும் தாண்டிப்போய் அதில் உட்கார்ந்தது. அதற்கு அறிமுகம் தேவைப்படவில்லை.

"ஒரு பூ பூவா?" என்று சிமெண்ட் கத்தினார்.

"பூக்கணும்னுதான் சொன்னீங்க. எத்தனைன்னு சொல்லலையே" என்றார் மெக்கானிக்.

அடுத்த சில நாட்களில் அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று; அவ்வளவு பூக்கள். பேக்கரியின் கேக்குகள் தனிமையில் வாடின. ஆனால் சிமெண்ட் லேசில் விடுகிற ஆள் இல்லை. வாரியம் ஒப்புக்கொள்ளாத வந்தேறிப் பூக்கள் தன் குடியிருப்பில் பூத்திருப்பதாகவும், உடனே அழித்துச் சிமெண்ட் போடத் தான் தயாராக இருப்பதாகவும் வாரியத்துக்குப் புகார் சொன்னார். மறுநாளே தலைவரும் எல்லை அதிகாரியும் பேராசிரியரும் காரில் வந்து இறங்கினார்கள். மெக்கானிக் இரண்டடி பின்வாங்கினார். மனைவி மட்டும் சேலையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய் நின்றாள்.

தலைவர் பூக்களைப் பார்த்தார். மெல்லக் குனிந்து ஒன்றைத் தொட்டார். நெடுநாள் பிளாஸ்டிக்கோடு இருந்த விரல். சட்டென்று பின்வாங்கி, மறுபடி தொட்டது.

"ஈரமா இருக்கே" என்றார். பிறகு நிமிர்ந்து, கொஞ்சம் ஆசையோடு கேட்டார்: "இது... எங்க கலவையா?"

"உங்க ஆபீஸ்லேருந்து வந்ததுதாங்க" என்றாள் மனைவி. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

தலைவரின் முகம் மலர்ந்தது. பேராசிரியர் அவர் காதில் கிசுகிசுத்தார்: "சார், இதெல்லாம் வலப்பக்கம். ஒவ்வொண்ணையும் நானே என் கையால எறிஞ்சேன்."

தலைவர் யோசித்தார். வந்தேறி என்றால், வாரியத்திலிருந்து வந்தேறி வந்ததாக ஆகிவிடும். பூர்விகம் என்றால், குழு தவறு செய்ததாக ஆகிவிடும். மலர்ந்த முகம் ஒரு நிமிடம் வாடியது. பிறகு மறுபடி மலர்ந்தது.

"பேராசிரியரே, அந்த மதில் ஓரமா அந்தக் கோடிக்குப் போங்க."

பேராசிரியர் போனார்.

"இப்ப திரும்பி நடந்து வாங்க. பூவெல்லாம் எந்தப் பக்கம் இருக்கு?"

பேராசிரியர் நின்றார். பார்த்தார். "இடப்பக்கம் சார்."

"திரும்பி வரும்போது நிறுவனர் தூங்கிட்டார்" என்றார் தலைவர் கம்பீரமாக. "நான் முழிச்சிக்கிட்டிருக்கேன்."

அதற்குள் எல்லைக் கயிற்றின் அருகே மண்டியிட்டிருந்த எல்லை அதிகாரியிடமிருந்து ஒரு விம்மல் வந்தது. எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். கயிற்றின்மேல் ஒரு தேனீ உட்கார்ந்து முன்னங்கால்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தது.

"படிச்சிருக்கு சார்!" என்றார் எல்லை அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இத்தனை வருஷ சர்வீஸ்ல, ஒருத்தர்கூட நான் வெச்ச பலகைய படிச்சதில்ல சார்."

தலைவர் அங்கேயே நின்று பேசினார். வாரியத்தின் நீண்டகால உழைப்பு, தொலைநோக்கு, நீராவி ஆகியவற்றின் பலன் இது என்றார். இந்த இடத்தில் இனி யாரும் ஒரு பிடி மண்ணைக்கூட அசைக்கக் கூடாது என்றார்.

"அப்ப காருங்க சார்?" என்றார் சிமெண்ட், அழாத குறையாக.

"காரு எந்த மண்டலம்?" என்று எல்லை அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்தார். சிமெண்ட் கலவை இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

புறப்படும்போது தலைவர் மெக்கானிக்கைத் தனியாக அழைத்து, எல்லா மண்டலங்களுக்கும் இதே கலவையை அனுப்பப் போவதாகவும் அதற்கு இந்தப் பூக்களின் விதையை வாரியத்துக்குத் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். "கவலைப்படாதீங்க, இந்தத் தடவை நீராவி இன்னும் கூடவே காட்டுவோம்." மனைவி சிரித்துக்கொண்டே ஒரு பிடி தருவதாகச் சொன்னாள். மிச்சத்தை யார் யாருக்குத் தருவது என்று அவள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். முதல் ஆள் பேக்கரிக்காரர்.

சாயங்காலம் துணிப்பெட்டி பரணுக்கு ஏறியது. ஏற்றியது மெக்கானிக், யாரும் சொல்லாமலே ஏற்றினார். மனைவி கைபேசியோடு பின்பக்கம் போய்ப் பூக்களின் ஓரமாக உட்கார்ந்து தம்பியைக் கூப்பிட்டாள்.

"பெட்டிங்க வரலடா. நானும் வரல."

"என்னக்கா இப்படிச் சொல்ற?" என்றான் தம்பி. "தேனீப் பெட்டிங்களுக்குன்னு கொல்லையில மேடை வேற கட்டிட்டேனே!"

"கட்டினா என்ன, நீயே ஏறி நின்னு பேசு."

"மாமா என்ன சொல்றாரு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு மதிலோரமாக நின்றுகொண்டிருந்தார். ஒரு தேனீ அவர் சட்டைக் காலரில் இளைப்பாறிக்கொண்டிருந்தது. மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் சொல்லல. நல்லாயிருக்காரு."

"அக்கா, என்ன இது ஒரே இரைச்சலா இருக்கு? லைன் சரியில்லைன்னு நெனைக்கறேன்."

அவள் கைபேசியைப் பூக்களுக்கு நடுவில் இன்னும் கொஞ்சம் தள்ளி நீட்டினாள்.

"லைன் நல்லாத்தான்டா இருக்கு" என்றாள்.